தேத்தண்ணீர் மறுத்த வீட்டில்

பதுளைதான் ரயில் பாதையின் கடைசி நிலையம். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. கழுத்துப் பட்டியும் நெஞ்சில் கறுப்புப் பெயர்த் தகடுமாக இரண்டிரண்டு பேராக வேதம் சொல்ல அங்கே வந்து இறங்கும் தம்பிமாரையும் தங்கச்சிமாரையும் பல வருடங்கள் நான்தான் போய் அழைத்து வந்தேன். இறங்கியதும் எல்லோரும் முதலில் மலையைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்த்து, "இங்க எத்தனை பேர் கேட்கத் தயாரா இருக்காங்க பிரதர்?" என்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி எப்போதும் பிடித்ததில்லை. இந்தப் பக்கத்துச் சனங்கள் நூற்றாண்டுகளாகப் பிறர் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்பதில் அவர்களுக்குப் பயிற்சி தேவையில்லை.

நான் முதலில் ஒரு நாளிதழின் பதுளை நிருபராக இருந்தேன். பிறகு எங்கள் சபையின் பதுளைக் கிளையை நடத்தும் சம்பளமில்லாத பொறுப்பை ஏற்றேன். இரண்டிலிருந்தும் இப்போது ஓய்வு. ஊவா மாகாணத்துக்குப் புதிதாக வரும் உங்களுக்கு எதையாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எப்படிப் பாடம் நடத்துவது, எந்த வசனத்தை எப்போது வாசிப்பது என்பதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிறது. அதில் இல்லாத ஒரு வாரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பஜாரில் எங்களை மோர்மன்காரர் என்பார்கள். தோட்டங்களில் எங்களுக்கு வேறு பெயர்: "தேத்தண்ணி குடிக்காத வேதக்காரங்க." இரண்டாவது பெயர்தான் தூரம் போயிருக்கிறது. மதுவும் புகையிலையும் கோப்பியும் தேயிலையும் எங்களுக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வேறு ஊர்களில் ஒருவர் மதுவை விடுவதுதான் பெரிய போராட்டம். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலை. கொழுந்து எடுத்துப் பிழைக்கும் மனிதரிடம் போய் அதைக் குடிக்காதே என்று சொல்கிறோம். இதைச் சொல்லும்போது உங்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வராவிட்டால், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று உங்களுக்கே விளங்கவில்லை என்று அர்த்தம்.

அந்த வாரம் எங்களிடம் இருந்த இருவரில் மூத்தவர் டேனியல், சென்னைப் பையன். சுறுசுறுப்பு, நல்ல குரல், எதையும் முடித்துவிட வேண்டும் என்ற வேகம். அவருடைய துணை நுவன், நீர்கொழும்பைச் சேர்ந்த சிங்களப் பையன். தமிழ் புரியும், சரளமாகப் பேச வராது. அதனால் அதிகம் கவனிப்பார். டேனியலுக்கு அடுத்த வாரம் வேறு ஊருக்கு மாற்றல் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கு முன் சனிக்கிழமை ஒரு ஞானஸ்நானம் நடக்க வேண்டும் என்று அவர் மனதில் முடிவு செய்திருந்தார்.

ஞானஸ்நானம் பெற விரும்பியவர் செல்வராணி. லுணுகலைப் பக்கத்து ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், நாற்பதை ஒட்டிய வயது. பதுளை ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் எங்கள் சபைப் பெண் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மேரி அக்கா. அந்தப் பழக்கத்தில் செல்வராணி சில ஞாயிற்றுக்கிழமைகள் பஸ் பிடித்து எங்கள் கூட்டத்துக்கு வந்தார். எங்கள் கூட்டத்தில் பிரசங்கி என்று தனியாக யாரும் இல்லை. ஆணும் பெண்ணும் முறைவைத்து எழுந்து பேசுவோம். மூன்றாம் வாரமோ என்னவோ, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்.

"ஐயா, நான் சேந்தா எனக்கும் எந்திரிச்சுப் பேச முறை வருமா?"

"வரும்."

"தோட்டத்து ஆளுன்னு கடைசியா வைக்க மாட்டீங்களே?"

"இல்லம்மா."

"பொறந்ததுலேருந்து பெரட்டுக்களத்துல நின்னு அடுத்தவங்க சொல்றதத்தான் கேக்குறேன். சாமிகிட்டயும் ஐயர் மூலமாத்தான் பேசிருக்கேன். இங்க நானே பேசலாம்னா, அது போதும் எனக்கு."

பெரட்டுக்களம் என்பது காலையில் தொழிலாளரை நிறுத்தி வேலை பிரிக்கும் இடம். அவர் சொன்னதை நான் யாருக்கும் மொழிபெயர்த்து விளக்கவில்லை. அதைவிடத் தெளிவான காரணத்தை இத்தனை காலத்தில் நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை மாலை டேனியலும் நுவனும் செல்வராணியின் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குப் போனார்கள். அவருடைய கணவரை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டுக்கு வந்து விவரம் சொன்னார்கள்.

"சூப்பரா போச்சு பிரதர். அக்கா சனிக்கிழமைக்கு ரெடி" என்றார் டேனியல்.

"கணவர்?"

"இருந்தார். ஒண்ணும் சொல்லல. அமைதியான டைப்."

நான் நிருபராக இருந்த காலத்தில் எனக்கொரு செய்தி ஆசிரியர் இருந்தார். பெயர் வேண்டாம். மண்சரிவு, வேலைநிறுத்தம் என்று எதைத் தொலைபேசியில் சொன்னாலும் கடைசியில் ஒன்று கேட்பார்: "அங்க பேசாம நின்னது யாரு?" எனக்குப் பதில் தெரியாது. மறுநாள் திரும்பிப் போய் அந்த ஆளைத் தேடுவேன். பெரும்பாலும் முழுச் செய்தியும் அவரிடம்தான் இருக்கும். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

"தேத்தண்ணி கொடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"கொடுத்தாங்க. எங்களுக்கு வேண்டாம்னு பொலைட்டா சொன்னோம்."

"பிறகு?"

"தண்ணி தரட்டுமான்னு அந்த அண்ணன் கேட்டார். பாட்டில் இருக்குன்னு காட்டினோம். பிஸ்கட் வாங்கி வர ஆள் அனுப்பப் பார்த்தாங்க. கஷ்டப்படுறவங்க, எதுக்கு வீண் செலவுன்னு அதையும் வேண்டாம்னுட்டோம்."

"ஊத்தின தேத்தண்ணி என்ன ஆச்சு?"

டேனியல் யோசித்தார். அவருக்கு நினைவில்லை. நுவன்தான் மெல்லச் சொன்னார்: "அவர் வெளிய ஊத்தினது. டம்ளர் கழுவ இல்ல. அதையும் கல்லு மேல வீசினது."

"ஆறிப்போச்சுன்னு ஊத்தினார்னு நினைச்சேன்" என்றார் டேனியல்.

நல்ல பிள்ளைகள். ஒரு பிழையான சொல்லும் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் லயத்துக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்காமல் போனவர்கள் இதற்கு முன் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. துரைமார் குடிக்கவில்லை. தோட்டத்து உத்தியோகத்தர் பலர் குடிக்கவில்லை. சாதி பார்த்த டவுன் வியாபாரிகள் குடிக்கவில்லை. வாசலில் நின்று பேசிவிட்டு, "இப்பத்தான் குடிச்சேன்" என்று போய்விடுவார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று லயத்துக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் பிள்ளைகள் தேத்தண்ணீர், தண்ணீர், பிஸ்கட் மூன்றையும் வரிசையாக மறுத்துவிட்டு, அந்த வீட்டில் உட்கார்ந்து எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

அதோடு, எங்கள் சபையில் ஒரு விதி உண்டு. கணவரின் சம்மதமில்லாமல் மனைவிக்கோ மனைவியின் சம்மதமில்லாமல் கணவருக்கோ ஞானஸ்நானம் கொடுக்க மாட்டோம். கல்லில் வீசப்பட்ட டம்ளர் சம்மதம் ஆகாது.

அன்று மாலையே மூவரும் புறப்பட்டோம். பஸ் பசறையைத் தாண்டியதும் டேனியல் என் பக்கம் குனிந்து கேட்டார்.

"பிரதர், இன்னைக்கு ஒரு நாள் ஒரு வாய் குடிச்சுட்டா எல்லாம் சரியாயிடுமா? நல்ல காரணத்துக்குத்தானே?"

"அந்த அம்மாவ எத விடச் சொல்லிக் கேட்டிருக்கோம்?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவங்க முன்னாலயே நாம குடிச்சா, அவங்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம்னு ஆகும். இந்தத் தோட்டத்துல அது புதுசு இல்ல."

"அப்போ என்ன செய்யப் போறோம்?"

எனக்கும் அப்போது தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன். ஒன்று மட்டும் செய்திருந்தேன். மத்தியானம் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். அதைத் திட்டம் என்று சொல்ல மாட்டேன். மனம் சரியில்லாத நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

லயத்துப் படியில் முருகேசு உட்கார்ந்திருந்தார். செல்வராணியின் கணவர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற, அதாவது தளிர்ப்பதற்காகக் கிளையைத் தறிக்கிற வேலை அவருக்கு. முன்கையெல்லாம் கீறல். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வாங்க" என்றார். அந்த ஊரில் எதிரிக்கும் அந்தச் சொல் உண்டு.

உள்ளே உட்கார்ந்தோம். அவர் செல்வராணியைப் பார்த்து, "தேத்தண்ணி ஊத்து" என்றார்.

"அவங்கதான் குடிக்க மாட்டாங்களே" என்றார் செல்வராணி.

"தெரியும். ஊத்து."

மூன்று டம்ளர்கள் எங்கள் முன் வந்தன. ஒன்றின் விளிம்பு நசுங்கியிருந்தது. முருகேசு அதை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார்.

"நீங்க பதுளை பஜார்க்காரர்தானே? உங்க அப்பா கடைக்கு எங்க அப்பா வருவாரு. வெளிய நின்னுதான் தேத்தண்ணி குடிப்பாராம். தனி கிளாஸ்ல."

"இருக்கும்" என்றேன். அது இருந்தது.

"சரி, அது அந்தக் காலம். இப்ப நீங்க வேதம் சொல்ல வந்திருக்கீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கல. எங்க வீட்டுத் தண்ணியக்கூட குடிக்க மாட்டீங்க. ஆனா என் பொண்டாட்டிய மட்டும் தண்ணிக்குள்ள முக்கணும்ங்கிறீங்க. இது என்ன நியாயம்?"

டேனியல் வாயைத் திறந்தார். நான் அவர் முழங்காலில் கைவைத்தேன். அந்த நேரத்தில் விளக்கம் சொல்வதுதான் எல்லோருக்கும் தோன்றும். வசனம் இருக்கிறது, காரணம் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் காரணம் கேட்கவில்லை. தன் வீட்டுக்குள் வந்தவன் தன்னை என்ன நினைக்கிறான் என்று கேட்டார். அதற்கு வசனத்தில் பதில் சொல்ல முடியாது.

"முருகேசு, தேத்தண்ணி நான் குடிக்கிறதில்ல. என் வீட்டுலயும் குடிக்கிறதில்ல, எங்க போனாலும் குடிக்கிறதில்ல. அதுல மாத்தம் இல்ல. ஆனா காலையிலேருந்து சாப்பிடல. உங்க வீட்டுல ரொட்டி இருந்தா போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். செல்வராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ரொட்டியா?"

"சம்பலோட. குடிக்கத் தண்ணியும் வேணும். பாட்டில் தண்ணி இல்ல, உங்க குடத்துத் தண்ணி."

விருந்தாளி சாப்பாட்டைக் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவு என்றுதான் எனக்கும் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். ஆனால் ஒரு வீட்டைத் தீட்டாக நினைப்பவன் அங்கே அடுப்பில் வெந்ததைக் கேட்டு வாங்கித் தின்ன மாட்டான். முருகேசுக்கு அது தெரியும். அவர் உள்பக்கம் திரும்பி, "மாவு பெசஞ்சது இருக்கா?" என்று கேட்டார்.

ரொட்டி வந்தது. மிளகாய் இடித்த கட்ட சம்பல் வந்தது. நான் இரண்டு தின்றேன்.

"நீங்க தின்னுட்டீங்க. இந்தத் தம்பிங்க?"

நுவன் ஏற்கெனவே கையைக் கழுவியிருந்தார். அவர் ஊர்ச் சம்பலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. டேனியல் ஒரு விள்ளலை நன்றாகத் தோய்த்து வாயில் போட்டார். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, குடத்துத் தண்ணீரில் பாதியை அவரே காலி செய்தார்.

"மெட்ராஸ்ல மொளகா இல்லையா தம்பி?" என்றார் முருகேசு. அன்று மாலை அவர் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது.

சம்மதம் கிடைத்துவிட்டது என்று டேனியல் நினைத்தார். கிடைக்கவில்லை. நாங்கள் புறப்படும்போது முருகேசு, "சாப்பிட்டீங்க, சந்தோசம். மத்தது வேற விசயம்" என்றார். ஒரு மனிதரின் மரியாதையை நாம் உடைத்துவிட்டுத் திருப்பி ஒட்டினால், அது கடனைக் கொடுத்தது மட்டுமே. அதற்குமேல் அவர் நமக்கு எதுவும் தர வேண்டியதில்லை.

புதன்கிழமை பாடத்தில் செல்வராணிதான் எங்களைத் திணறடித்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். தேயில குடிக்கிறது தப்புன்னா, நான் கொழுந்து எடுக்குறது பாவமா?"

"இல்லக்கா" என்றார் டேனியல் உடனே.

"நான் எடுத்த கொழுந்த எங்கயோ ஒருத்தன் குடிக்கிறான். அவனுக்குப் பாவமா?"

டேனியல் என்னைப் பார்த்தார். "குடிக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்தவனுக்குத்தான் அது பிழை. கொடுக்காதவனுக்கு இல்ல. உங்க வீட்டுக்காரர் குடிக்கட்டும், அதுல பாவம் இல்ல" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றார் முருகேசு மூலையிலிருந்து. தன் டம்ளரை எடுத்துச் சத்தமாக ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். பிறகு எங்களிடம், "ஆனா இவ நெலமைய யோசிச்சீங்களா? விடியக் குளிர்ல மல ஏறுற பொம்பள. பத்து மணிக்கு எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறப்ப இவ ஒரு வாரமா கொத்தமல்லி அவிச்ச தண்ணியக் கொண்டுபோறா. காய்ச்சலான்னு கேக்குறாளுக. நாத்தனாக்காரி ஒருத்தி, 'இப்ப எங்க தேத்தண்ணி எறங்காதோ மகாராணிக்கு'ன்னு கேட்டிருக்கா" என்றார்.

செல்வராணி சிரித்தார். ஆனால் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

நாங்கள் திங்கட்கிழமை ஒரு மாலையில் செய்ததை இந்தப் பெண் இனி ஒவ்வொரு நாளும் தன் சொந்தச் சனத்திடம் செய்ய வேண்டியிருக்கும். நாம் பஸ் ஏறிப் போய்விடுவோம். அவர் அதே மலையில் அதே பெண்களோடு நிற்பார். ஒருவரிடம் ஒரு விதியைச் சொல்லும்போது, அதன் விலையை யார் எங்கே நின்று கட்டப்போகிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை நான் தனியாகப் போனேன். முருகேசுவைக் கவ்வாத்து மலையிலிருந்து இறங்கும் வழியில் பிடித்து, பாதையோரம் உட்கார்ந்து, சனிக்கிழமை நடக்க இருப்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். எங்கள் ஆட்களில் சிலர் இதைப் புனிதமான காரியம், வெளியாளிடம் விவரிக்க வேண்டாம் என்பார்கள். அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. அவருடைய மனைவி தண்ணீரில் இறங்கப்போகிறார். அவருக்குத் தெரியாமல் அதில் எதுவும் இருக்கக் கூடாது.

வெள்ளை உடை, நனைந்தாலும் உடம்பு தெரியாத தடித்த துணி என்றேன். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும், மேரி அக்கா வந்து உடுத்திவிடுவார் என்றேன். தண்ணீரில் ஒரு ஆண் அவர் மணிக்கட்டைப் பிடித்திருப்பார், மற்றக் கை முதுகுக்குப் பின்னால் தாங்கும். சில வார்த்தைகள் சொல்லி, பின்பக்கமாக முழுவதும் அமிழ்த்தி எழுப்புவார். கரையில் இரண்டு சாட்சிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"சாட்சி எதுக்கு? கல்யாணமா?"

"முழுசா மூழ்கினாங்களான்னு பார்க்க. ஒரு விரல், துணி ஓரம், தலைமுடி, எது மேல மிதந்தாலும் செல்லாது. மறுபடியும் செய்யணும்."

"யாரு எறக்குறது?"

"அவங்க விருப்பம்."

"அந்தப் பசங்க வேணாம். வயசானவரு நீங்க செய்யிங்க."

"சம்மதமா அப்ப?"

அவர் எழுந்து கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டார். "நான் கோயிலுக்குப் போறவன். போவேன். என்ன கூப்பிடாதீங்க. அவளுக்கு வேணும்னா அவ போகட்டும். கட்டுனவன் தடுத்தான்னு இருக்க வேணாம்."

அதுதான் சம்மதம்.

வெள்ளிக்கிழமை பகல் மழை பிடித்தது. இரவெல்லாம் பெய்தது. சனிக்கிழமை விடிந்ததும் டவுனுக்குக் கீழே ஆற்றில் நாங்கள் வழக்கமாக ஞானஸ்நானம் கொடுக்கும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் ஓடியது. கரையில் நாங்கள் நிற்கும் பாறை தெரியவில்லை. ஒரு மூங்கில் புதர் வேரோடு போய்க்கொண்டிருந்தது.

டேனியல் பின்னால் வந்து நின்றார்.

"ஓரத்துல செய்யலாமே பிரதர். நாலு பேர் கை கோத்து நின்னா? இன்னைக்கு விட்டா நான் இருக்க மாட்டேன். அவர் மனசு மாறிட்டா?"

அவர் சொன்ன இரண்டும் உண்மை. அவர் இருக்க மாட்டார். முருகேசு மனம் மாறலாம். மழையில் இன்னும் எத்தனை நாள் போகும் என்றும் தெரியாது. ஆனால் இந்தக் காரணங்களில் எதிலும் செல்வராணியின் உயிர் கணக்கில் இல்லை. நம்முடைய அவசரம் பெரும்பாலும் அடுத்தவருடைய தேவையின் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வரும். அந்த உடுப்பைக் கழற்றிப் பார்ப்பது நம் வேலை.

"இன்னைக்கு இல்ல" என்றேன்.

செல்வராணிக்கு முன்பே முருகேசுக்குத்தான் அழைத்தேன். ஆறு பெருகிவிட்டது, ஆபத்து, தள்ளிப்போடுகிறோம் என்றேன்.

தொலைபேசியில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"மெட்ராஸ்காரத் தம்பி போகப்போறாருன்னு இவ சொன்னாளே" என்றார்.

"போவார். அது பரவாயில்ல."

"அந்த ஆத்தங்கரையிலதான் செய்யணும்னு இருக்கா?"

"இல்ல. முழுசா மூழ்குற அளவு தண்ணி இருந்தா போதும்."

"அப்ப மத்தியானம் இங்க வாங்க. எங்க பீலியிலேயே செய்யலாம். யாருக்கும் தெரியாம டவுன்ல ஆத்தோரத்துல எதுக்கு? அவளப் பாத்துச் சிரிச்ச சனம் பாக்கட்டும். எங்க தண்ணியிலேயே செய்யிங்க."

பீலி என்பது மலையிலிருந்து குழாய்வழி விழும் ஊற்று நீர். லயத்தார் குடிப்பதும் குளிப்பதும் அதில்தான். அதன் அடியில் முழங்காலளவுகூடத் தண்ணீர் நிற்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது மழை தூறலாகியிருந்தது. முதலில் நான் மேல் சரிவைப் பார்த்தேன். பீலிக்கு மேலே வெறும் கருங்கல், சரிந்துவர மண் இல்லை. பிறகுதான் கீழே பார்த்தேன். முருகேசுவும் இன்னும் இரண்டு பேரும் வெறும் உடம்போடு சேற்றில் நின்றுகொண்டிருந்தார்கள். பழைய உரப் பைகளில் மண்ணை நிரப்பி வாய்க்காலை அடைத்து, கற்களை அடுக்கி, பீலிக்குக் கீழே இடுப்பளவு தண்ணீர் கட்டியிருந்தார்கள். லேசான கலங்கல். இழுப்பில்லை.

"ஆழம் போதுமா பாருங்க" என்றார்.

"போதும்" என்றேன்.

லயத்து வாசல்களிலும் மதில்மேலும் சனம். குடை பிடித்தவர்கள், சாக்கைத் தலையில் கவிழ்த்தவர்கள். "கோயிலுக்குப் போறவன் வேதக்காரனுக்குக் கொளம் வெட்டுறான்" என்று ஒருவர் சொன்னார். "உனக்கும் ஒண்ணு வெட்டவா? குளிச்சு நாளாச்சே" என்று முருகேசு திரும்பாமலே பதில் சொன்னார்.

வெள்ளை உடையில் செல்வராணி வந்தார். கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு இருந்த இடத்தில் அதன் தடம். நான் முன்னால் இறங்கினேன். மலைத் தண்ணீர் எலும்பைக் கடித்தது. அவர் இறங்கும்போது ஒரு முறை வழுக்கினார். பிறகு நிமிர்ந்து நின்றார். கரையில் டேனியலும் மேரி அக்காவும் சாட்சிகள். நான் கையை உயர்த்தி அந்த வார்த்தைகளைச் சொன்னேன். அமிழ்த்தினேன். எழுப்பினேன்.

அவர் எழுந்ததும் மூச்சை இழுத்தார். முகத்தில் தண்ணீரா கண்ணீரா என்று தெரியவில்லை. உடம்பு முழுவதும் நடுங்கியது. மேரி அக்கா துவாயை விரித்துவிட்டார். நான் சாட்சிகளைப் பார்த்தேன். டேனியல் மேரி அக்காவைப் பார்த்தார். மேரி அக்கா அவரைப் பார்த்தார். இருவர் முகத்திலும் ஒரே தயக்கம். ஏதோ ஒன்றைக் கண்டிருக்கிறார்கள், சொல்ல மனம் வரவில்லை. அந்த வாரம், அந்தக் குளிர், அந்தப் பெண்ணின் நடுக்கம். யாருக்குத்தான் மனம் வரும்?

"ஐயா!"

பின்னாலிருந்து முருகேசுவின் குரல்.

"சட மேல மெதந்துச்சு. முழுசாப் போகல. மறுபடி போடுங்க!"

சனம் திரும்பி அவரைப் பார்த்தது. செல்வராணி பல் கிட்டிக்கத் திரும்பினார்.

"நீங்க வேற... குளிருதுங்க!"

"குளிரட்டும். சொன்ன மாதிரி செய்யணும்ல. அரகொறையா வெட்டுன கெள அழுகிப் போயிரும். சடயச் சுருட்டிக் கொண்ட போடு!"

டேனியல் தலையைக் குனிந்து, "ஆமா பிரதர். முடி மேல இருந்துச்சு" என்றார்.

செல்வராணி சடையைச் சுருட்டிக் கொண்டையாக முடிந்தார். நான் மறுபடி கையை உயர்த்தி அதே வார்த்தைகளைச் சொன்னேன். இந்த முறை அவரே முழங்காலை மடித்துத் தண்ணீருக்குள் போனார். எழுந்தபோது நான் சாட்சிகளைப் பார்க்கவில்லை. அணைக்கட்டின்மேல் சேற்றுக் காலோடு நின்றவரைப் பார்த்தேன்.

"ம். இப்ப சரி" என்றார்.

எங்கள் ஒழுங்கின்படி அடுத்து டேனியல் பேச வேண்டும். இரவெல்லாம் தயாரித்திருந்தார். ஆனால் துவாயைப் போர்த்திக்கொண்ட செல்வராணி பீலிக் கல்லின்மேல் ஏறி என்னிடம், "ஐயா, இப்பவே என் முறைய எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். டேனியலைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செல்வராணி சனத்தைப் பார்த்துப் பேசினார். குரல் நடுங்கியது. குளிரில்தான்.

"தேத்தண்ணி நேரத்துல நான் கொத்தமல்லி குடிக்கிறேன்னு சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா உங்க வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வேணாம்னு சொன்னா, உங்க வீட்ட வேணாம்னு சொல்றேன்னு நெனச்சிராதீங்க. நான் ரொட்டி கேப்பேன். கேட்டு வாங்கித் திம்பேன்."

மதில்மேலிருந்து ஒரு பெண் குரல், அந்த நாத்தனார்தான் என்று பிற்பாடு தெரிந்தது, "எத்தன ரொட்டி மகாராணி?" என்று கேட்டது.

"நீ சுடுறதப் பொறுத்து!"

மதில் முழுவதும் சிரித்தது.

மேரி அக்கா அவரை உள்ளே கூட்டிப்போனார். டேனியலும் நுவனும் மண் பைகளை அகற்ற இறங்கினார்கள். குடிதண்ணீர் போகும் வாய்க்கால் அடைபட்டிருந்தது, அதைத் திறந்துவிடுவது எங்கள் பொறுப்பு. நான் ஈர உடையோடு படியில் உட்கார்ந்தேன். பல் தந்தி அடித்தது. முருகேசு இரண்டு கேத்தல்களோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். விளிம்பு நசுங்கிய டம்ளரில் ஒன்றிலிருந்து ஊற்றி என் கையில் வைத்தார். கொத்தமல்லி மணத்தது.

"குடிங்க. உங்களுக்கு நெசமாவே காய்ச்சல் வரப்போகுது."

அடிவரை குடித்தேன். அவர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கினார். கழுவவில்லை. மற்றக் கேத்தலிலிருந்து அதிலேயே தன் தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு, தண்ணீர் வடிவதைப் பார்த்தபடி குடிக்கத் தொடங்கினார்.